நடுவில் பதினோரு மீட்டர்

ஐப்பசி வெள்ளம் முத்தாலங்குளம் பாலத்தின் நடுவில் பதினோரு மீட்டரைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் காலையிலும் ஜனம் அந்தப் பாலத்தின் மேல்தான் நடந்து போனது. கதை இவ்வளவுதான். நம்புகிறவர் நம்பலாம். நம்பாதவர் எழுந்து போகலாம், எனக்கு நஷ்டமில்லை.

முதலில் போனவன் பால்காரன் உச்சிமாகாளி. சைக்கிளில் இரண்டு பக்கமும் கேன், ஹேண்டிலில் ஒரு தூக்குவாளி, வாயில் விசில். நான் ஊரில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவன். அதற்கு முன்னால் முப்பத்திரண்டு வருஷம் கண் முகாம்களில் எழுத்துப் பலகையைக் காட்டி, இந்தக் கண்ணை மூடு, கீழ் வரியை வாசி, சத்தமாகச் சொல் என்று ஊர் ஊராக ஜனங்களை அதட்டியவன். வெள்ளம் வடிந்ததா என்று பார்க்க வந்தேன். பாலம் நடுவில் முறிந்து கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன, கீழே செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. அதே நேரம் உச்சிமாகாளி முறிந்த விளிம்பைத் தாண்டி, மிதியை நிறுத்தாமல், விசிலையும் நிறுத்தாமல், வெறும் காற்றின் மேல் சைக்கிளை ஓட்டி, அந்தப் பக்கத்து விளிம்பில் ஏறி, எதிர்க்கரை ஊரான பனையடிப்பட்டிக்குள் போய்விட்டான். கத்த வாயைத் திறந்தேன். கத்தினால் விழுவான் என்று தோன்றியது. மூடிக்கொண்டேன். வாயை மூடுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

அவனுக்குப் பின்னால் எல்லாரும் போனார்கள். புல்லுக்கட்டுக்காரிகள் போனார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருத்தன் பையை ஒருத்தன் இழுத்துக்கொண்டு போனார்கள், சீர்வரிசைத் தட்டுகளோடு ஒரு நிச்சயதார்த்தக் கூட்டம் போனது, தட்டில் இருந்த பழச்சீப்புகூட ஆடவில்லை, ஒன்பதரை மணி மினிபஸ் படியில் மூன்று பேரைத் தொங்கவிட்டுக்கொண்டு ஹாரன் அடித்தபடி ஆகாயத்தில் போனது, நான் ஹனிபா பாய் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன், டீ ஆறி ஆடை படிந்து, பாய் "வேற போடட்டா அண்ணாச்சி?" என்று மூன்றாம் தடவை கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது: இவர்கள் ஒருத்தருக்கும் ஓட்டை தெரியவில்லை. தெரியாதவரை பாலம் தாங்குகிறது.

எனக்குத் தெரிகிறது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து பனையடிப்பட்டியில் எனக்கு ஒரு ஜோலியும் இல்லை என்று சொல்லிக்கொண்டு இந்தக் கரையிலேயே இருந்துவிட்டேன்.

ஊருக்கு விஷயம் தெரிய ஒன்பது நாள் ஆனது. தண்ணீர் இறங்கியதும் ஆற்றுக்குள் வலை வீசிக்கொண்டிருந்த இரண்டு பேர் தலைக்கு நேர் மேலே மினிபஸ் போவதைப் பார்த்தார்கள். கீழேயிருந்து பார்த்தால் ஓட்டை எல்லாருக்கும் தெரியும். வலையைச் சுருட்டிக்கொண்டு கரையேறி நேராக டிரைவரிடம் வந்தார்கள்.

"ஏ மாப்ளே, ஒன் வண்டிக்கு அடியில ஆயில் ஒழுகுதுடா."

"அடியில நீ எங்கடா பாத்த?"

"ஆத்துக்குள்ள நின்னோம்லா. அந்த எடத்துல பாலம் இல்ல பாத்துக்கோ, அதான் நல்லாத் தெரிஞ்சுது."

"அப்படியா" என்றான் டிரைவர். ஒர்க் ஷாப்பில் விட்டு ஆயில் சீலை மாற்றினான். வேறு எதுவும் அவன் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக ஆற்றுக்குள் இறங்கி அண்ணாந்து பார்த்தார்கள், "ஆமா, இல்ல" என்றார்கள், மேலே ஏறிப் பார்த்தார்கள், "ஆமா, இருக்கு" என்றார்கள், நடந்தே வீட்டுக்குப் போனார்கள். வேர்க்கடலை விற்கிறவன் பாலத்தடியில் நிரந்தரமாக அடுப்பு வைத்தான். ஆடுகள் மட்டும் வரவில்லை. விளிம்பில் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றன. இரண்டு ஊர் ஆடும் அவரவர் கரையில் மேய்ந்தன.

சண்டை வந்தது வேறு விஷயத்துக்கு. அந்தப் பதினோரு மீட்டரில் கைப்பிடிச் சுவர் என்ன நிறம்? ஒருத்தர் சிமெண்ட் நிறம் என்றார், ஒருத்தர் மஞ்சளும் கறுப்பும் என்றார், பனையடிப்பட்டிக்காரர்கள் மொத்தமாகப் பச்சை என்றார்கள். சட்டை கிழிகிற அளவுக்குப் போனது. பஞ்சாயத்துத் தலைவர் பட்டமுத்து கூட்டம் போட்டு, சாம்பல் நிறம் என்று தீர்மானம் நிறைவேற்றினார். ஒரு கட்சிக்காரர் பெயிண்டரைக் கூட்டிவந்து அந்தச் சுவரில் வாழ்த்து எழுதச் சொன்னார். பெயிண்ட் முழுக்க ஆற்றில் விழுந்தது, மறுநாள் அதை வாசித்த ஒவ்வொருவரும் அவரவர் கட்சித் தலைவரின் பெயரை வாசித்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார்கள். இஞ்சினியர் வந்தார். மேலே டேப் பிடித்தார், பாலம் முழுசாக இருந்தது. கீழே இறங்கி டேப் பிடித்தார், பதினோரு மீட்டர் இல்லை. இரண்டு அறிக்கை எழுதினார். இரண்டிலும் அவரே கையெழுத்துப் போட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததை நான் கெடுத்தேன்.

பியூலா கிராம நர்ஸ். நாற்பத்தாறு வயது, வெள்ளைச் செருப்பு, தோளில் ஊசிப் பெட்டி. தினம் காலையில் பாலத்தைக் கடந்து போய்ப் பனையடிப்பட்டியில் ஊசி போடுவாள், வயிற்றுப் பிள்ளைக்காரிகளைப் பார்ப்பாள், குடிகாரப் புருஷன்களைத் திட்டுவாள், சாயங்காலம் திரும்புவாள். மருந்துக் குப்பி எழுத்து மங்குகிறது என்று கடைக்கு வந்தாள். நான் லென்ஸை மாற்றி மாற்றிப் போட, அவள் சும்மா இருக்காமல் கேட்டாள்.

"அண்ணாச்சி, அந்தப் பாலம் எப்படி நிக்கி? பாஸ்டர் கிருபைங்காரு."

"கிருபையுமில்ல கிருமியுமில்ல. கண்ணு."

"கண்ணா?"

"எல்லார் கண்ணுக்குள்ளயும் ஒரு ஓட்டை இருக்கு. நரம்பு வெளிய போற வாசல். அந்த எடத்துல பார்வை கெடையாது. நீட்டின கையில எலுமிச்சம்பழம் வச்சா அத்தனை பெரிய ஓட்டை. ஒனக்குத் தெரியுதா?"

"இல்லியே."

"தெரியாது. மூளை பக்கத்துல இருக்கறத கிள்ளி அதுல ஒட்டிரும். பக்கத்துல சொவரா, சொவரு. வானமா, வானம். கேக்காம கொள்ளாம ஒட்டிரும்."

"சும்மா கத விடாதீங்க" என்று சிரித்தாள்.

அங்கேதான் எனக்குப் பொறுமை போனது. கதை விடுகிறவன் என்று என்னை யாரும் சொன்னதில்லை. கோடு போட்ட நோட்டுத் தாளைக் கிழித்து, இடது பக்கம் ஒரு பெருக்கல் குறி, நாலு விரல் தள்ளி வலது பக்கம் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தேன். "இடது கண்ண மூடு. பெருக்கலையே பாரு. தாள மெதுவாக் கிட்ட கொண்டா." கொண்டுவந்தாள். ஒரு ஜாண் தூரம் வந்ததும் அவள் கை நின்றது.

"பொட்டக் காணோம்."

"அந்த எடத்துல என்ன தெரியுது?"

"கோடு. நோட்டுக் கோடு. அதுபாட்டுக்கு ஓடுது..." தாளைக் கீழே போட்டாள். "அண்ணாச்சி, அங்க கோடு கெடையாதே. பொட்டுல்லா இருக்கு."

"அதத்தான சொல்லுதேன்."

கடையிலிருந்து பாலம் தெரியும். அவள் திரும்பிப் பார்த்தாள். என் வாழ்நாளில் பார்வை போன முகத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். பார்வை வந்ததால் வெளுத்த முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஐயோ ஏசப்பா" என்றாள். "அங்க ஒண்ணுமே இல்ல."

அதற்குப் பிறகு அவள் பாலத்தில் கால் வைக்கவில்லை. இருபத்தாறு கிலோமீட்டர் சுற்றி, தரைப்பாலம் வழியாக பஸ் பிடித்துப் போனாள். மதியம்தான் போய்ச் சேர முடியும், இரண்டு மணிக்குத் திரும்பவேண்டும். பாதி ஊசி தள்ளிப்போனது. என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சரிதான்.

கார்த்திகையில் மறுபடி மழை பிடித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு பியூலாவின் போன் அடித்தது. பனையடிப்பட்டியிலிருந்து சந்தனமாரியின் மாமியார். பனிக்குடம் உடைந்துவிட்டது, தலை இறங்கிவிட்டது, தூக்கிவர நேரமில்லை. சந்தனமாரிக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் பிள்ளை மூச்சு விடாமல் பிறந்து மூச்சு விடாமலே போனது. அன்றைக்குப் பக்கத்தில் பிரசவம் பார்க்கத் தெரிந்த ஆள் இல்லை. சுற்றுவழியில் தரைப்பாலம் முழுகிக் கிடந்தது. பியூலா பையைத் தூக்கிக்கொண்டு நம் பாலத்துக்கு ஓடி வந்தாள். முறிந்த விளிம்புக்குப் பத்தடி முன்னால் அந்த ஆடுகளைப் போல நின்றுவிட்டாள்.

எதிர்க் கரையிலிருந்து சந்தனமாரியின் புருஷன் கருத்தப்பாண்டி ஓடி வந்தான். ஓட்டைக்கு நட்டநடுவில், சுழிக்கிற தண்ணீருக்கு மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு இரண்டு கையையும் ஆட்டினான்.

"சிஸ்டர், ஓடி வாங்க! ஏன் நிக்கிய?"

"பாண்டி, நீ மொதல்ல அங்கேருந்து வா! எனக்கு ஒன்னப் பாக்கவே முடியலடா!"

டீக்கடைக் கூட்டம் மொத்தமும் பாலத்துக்கு வந்துவிட்டது. ஹனிபா பாய் கரண்டியோடு வந்தார்.

"கண்ண மூடிக்கிட்டு நடங்க சிஸ்டர்."

"மூடினா இன்னும் பெரிசாத் தெரியுது பாய்!"

உண்மை. பார்க்கிறது கண் என்றா நினைக்கிறீர்கள்?

கருத்தப்பாண்டி யோசிக்கவில்லை. இந்தப் பக்கம் வந்து அவளை மூட்டையைப் போல முதுகில் ஏற்றிக்கொண்டு விளிம்பைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தான். "பாண்டி, கீழ தண்ணி! கீழ தண்ணிடா!" என்று அவள் அவன் காதில் அலறினாள், அவன் குனிந்து பார்த்தான், பார்த்த கண்ணுக்கு ஓட்டை தெரிந்தது, வலது கால் கணுக்கால்வரை காற்றுக்குள் இறங்கியது, பின்னால் நின்றவர்கள் அவன் சட்டையையும் அவள் பின்னலையும் பிடித்து இழுத்துப் போட, இருவரும் விளிம்புக்குப் பின்னால் தள்ளிப் போய்க் குப்புற விழுந்தார்கள். கருத்தப்பாண்டி எழுந்து பார்த்தான். பெண்டாட்டி அந்தக் கரையில் இருந்தாள். இனி அவனும் போக முடியாது. சின்னப் பிள்ளையைப் போல விக்கி அழுதான்.

"நெசமாவே இல்லியோ?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. இன்னொருத்தன் எட்டிப் பார்த்தான். அவ்வளவுதான், இன்னும் ஐந்து நிமிஷம் விட்டால் ஊர் முழுவதற்கும் பாலம் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. சந்தனமாரியின் பிள்ளையும் போய்விடும். இரண்டையும் கெடுத்தவன் நான்.

பக்கத்திலிருப்பதைக் கிள்ளித்தான் மூளை ஓட்டையில் ஒட்டும். பியூலாவுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? பயம். பயத்தைக் கிள்ளி பயத்தையே ஒட்டிக்கொள்கிறாள். பக்கத்தை மாற்று. மூளைக்கு வேறு சரக்குக் கொடு.

"ஏய்!" என்று கத்தினேன். முகாமில் கத்துகிற குரல் எனக்கு இன்னும் இருக்கிறது. "பாலம் தெரியிறவன் எல்லாம் அது மேல ஏறு! ரெண்டு பக்கமும் வரிசையா நில்லு! தோள் தோளோட ஒட்டணும்! பேசாத! கேட்டாத்தான் பேசணும்!"

ஏறினார்கள். பட்டமுத்து ஏறினார், உச்சிமாகாளி ஏறினான், மினிபஸ் டிரைவர் ஏறினான், புல்லுக்கட்டுக்காரிகள் ஈரச் சேலையோடு ஏறினார்கள், பாய் கரண்டியோடு ஏறினார், வேர்க்கடலைக்காரன் அடுப்பை அணைத்துவிட்டு ஏறினான், முப்பத்திச் சொச்சம் பேர் காற்றின் மேல் இரண்டு வரிசையாக நின்றார்கள், அவர்களின் காலுக்கு நடுவில் எனக்குத் தண்ணீர் தெரிந்தது.

"மொத ஆளு! காலுக்குக் கீழ என்ன தெரியுது? சத்தமாச் சொல்லு!"

"தாரு அண்ணாச்சி" என்றான் உச்சிமாகாளி.

"தாரு எல்லா ரோட்டுலயும் இருக்கு. வேற?"

"ஒரு பீடித்துண்டு. இன்னும் அணையல."

"பியூலா, ஒரு எட்டு வை. அடுத்து!"

"சோடா மூடி. துருப்பிடிச்சது."

"ஒரு எட்டு. அடுத்து!"

"தவள. பஸ்ஸு ஏறி அப்பளமாக் கெடக்கு."

"எம் பஸ்ஸு இல்ல" என்றான் டிரைவர்.

"வாயை மூடு. ஒரு எட்டு. அடுத்து!"

"சாம்பல் நிறக் கைப்பிடி" என்றார் பட்டமுத்து.

"உம்ம தீர்மானத்தை யாருவே கேட்டா? கீழ பாரும்!"

"கீழ... ஒரு ஊக்கு. சேலை ஊக்கு. நல்லாத்தான் இருக்கு, யாருதுன்னு தெரியல."

"எனக்கு வேணும், எடுத்து வைங்க" என்று எதிர் வரிசையில் ஒருத்தி சொன்னாள், சிலர் சிரித்துவிட்டார்கள், பியூலாவும் கண்ணைச் சுருக்கி ஊக்கு கிடக்கிற இடத்தைப் பார்க்க முயன்றாள், எட்டு எட்டாக வந்து வெள்ளைச் செருப்பின் நுனி விளிம்புக்கு வந்துவிட்டது, அடுத்த எட்டுக்குக் காலைத் தூக்கியவள் தூக்கினபடியே நின்றாள், உதடு வெள்ளையாகிவிட்டது. அப்போது புல்லுக்கட்டுச் செவந்தி உயிர் போகிற மாதிரி கத்தினாள்.

"சிஸ்டர்! சாணி! சாணிய மிதிச்சிராதிய!"

பியூலா "சீ" என்று காலை வெடுக்கென்று இடது பக்கம் ஒதுக்கி வைத்தாள். வைத்த இடத்தில் கால் நின்றது.

அந்தக் கூச்சலை நீங்கள் கேட்டிருக்கவேண்டும்! இல்லாத சாணியை மிதிக்காமலிருக்க இல்லாத பாலத்தில் கால் வைத்துவிட்டாள். யாரும் வரிசையைக் கலைக்கவில்லை, ஆனால் ஒவ்வொருவரும் என்னைக் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்கள், இங்கே வாழைப்பழத்தோல் சிஸ்டர், இங்கே ஒரு விரிசல், விரிசலில் எறும்பு, சிவப்பெறும்பு, கடிக்கும், இங்கே மழைத்தண்ணி தேங்கியிருக்கு, செருப்பு நனையும், தாண்டுங்க தாண்டுங்க, அவள் ஒதுங்கினாள், தாண்டினாள், எறும்பு வரிசையைக் குனிந்து பார்த்துச் சுற்றிப் போனாள், பின்னாலேயே கருத்தப்பாண்டி அவள் கால் வைத்த இடத்திலெல்லாம் கால் வைத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனான், கடைசியில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற அந்த விளிம்பைக்கூடக் கவனிக்காமல் இருவரும் மண்ணில் இறங்கி ஓடினார்கள்.

ஓடினவள் நின்று திரும்பினாள்.

"பை!"

பை என் காலடியில் கிடந்தது. பியூலாவை முதுகில் ஏற்றியபோது கருத்தப்பாண்டி கீழே போட்டது. பிள்ளைக்குச் சளி உறிஞ்சுகிற குழாயும், மூச்சு ஊதுகிற ரப்பர் பந்தும், தொப்புள் கவ்வியும் அதற்குள்தான்.

"அண்ணாச்சி, கொண்டாங்க! சீக்கிரம்!" என்று கத்திவிட்டு, கரையோரம் இருந்த சந்தனமாரி வீட்டுக்குள் ஓடிவிட்டாள்.

வரிசையில் நிற்கிற யாரையும் அசைக்க எனக்குத் தைரியமில்லை. ஒருத்தர் கீழே பார்க்கிற கண்ணை எடுத்தாலும் என்ன ஆகுமோ. இந்தப் பக்கம் மீதி நின்றவன் நான் ஒருத்தன். எல்லாரும் என்னைப் பார்க்காமல் எனக்காகக் காத்திருந்தார்கள்.

பையை எடுத்தேன். விளிம்புக்கு வந்தேன். சாணியைத் தேடினேன். சாணி இல்லை, ஊக்கு இல்லை, தவளை இல்லை, பதினோரு மீட்டரிலும் செந்தண்ணீர்தான். எழுபத்து மூன்று வயதில் யார் என்ன சொன்னாலும் எனக்கு இல்லாதது இல்லாததாகத்தான் தெரியும். அந்தப் பக்கம் வீட்டுக்குள்ளிருந்து சந்தனமாரியின் அலறல் கேட்டது. சரி, விழுந்தால் விழுகிறோம் என்று தலையைத் தூக்கினேன். இரண்டு பக்கமும் முகங்கள். முப்பத்திச் சொச்சம் முகம், ஒவ்வொன்றும் தன் காலடியில் ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டு, சோற்றுத் தட்டைப் பார்க்கிற மாதிரி, சந்தேகமே இல்லாமல். அவர்கள் எதைப் பார்த்தார்களோ அது எனக்குத் தெரியவில்லை. அவர்கள் பார்க்கிறது தெரிந்தது. அதை விட்டுக் கண்ணை எடுக்காமல் நடந்தேன்.

காலுக்குக் கீழே எதுவும் இல்லை. கால் இறங்கவும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று. நெஞ்சு கல்யாண மேளம் மாதிரி அடித்தது, எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தமாகச் சிரித்தேன், "அண்ணாச்சி சிரிக்காரு" என்று பாய் பயந்துபோய்ச் சொன்னார், "கீழ பாரும்வே" என்றேன், நடந்தேன், பதினெட்டாவது எட்டில் அந்தப் பக்கத்து விளிம்பு.

வாசலில் பையைப் பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள் பியூலா. உள்ளே பிள்ளை பிறந்துவிட்டிருந்தது. சத்தம் இல்லை. கருத்தப்பாண்டி என் கையைப் பிடித்திருந்தான், நகம் பதிகிற அளவுக்கு. சத்தம் இல்லை. கோழி ஒன்று முற்றத்தில் நடந்தது. சத்தம் இல்லை. பிறகு தகரத்தைக் கிழிக்கிற மாதிரி ஒரு அழுகை வந்தது, பாலத்தின் மேல் நின்ற அத்தனை பேரும் ஓவென்று கத்திக்கொண்டு வரிசையைக் கலைத்து, ஓட்டையைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லாமல், பிள்ளையைப் பார்க்கப் பனையடிப்பட்டிக்குள் ஓடி வந்தார்கள். பொம்பளைப் பிள்ளை. கறுப்பு. ஆத்திரக்காரி.

சாயங்காலம் நாலரை மணிக்கு பியூலா கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். கூட்டம் முழுக்கச் சந்தனமாரி வீட்டில் கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தது. பாலத்தில் ஆள் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"தினமும் முப்பது பேர நிறுத்தி வச்சா நான் வேலைக்குப் போக முடியும்?" என்றாள்.

நான் அவள் பையை எடுத்துக் கொடுத்தேன்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். மறைக்கக் கூடாது. நீங்க பையத் தூக்கிட்டு வந்தியள்ல, அப்ப ஒங்களுக்குப் பாலம் தெரிஞ்சுதா?"

முப்பத்திரண்டு வருஷம் ஜனங்களிடம் உனக்கு இது தெரியவில்லை, இதுவும் தெரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவன் நான். ஒரு எழுத்து விட்டுக்கொடுத்ததில்லை.

"தெரிஞ்சுது" என்றேன்.

"நெசமா?"

"தாரு போட்ட பாலம். நடுவுல வெள்ளைக் கோடு போட்டிருக்கான். அதுகூட ஒழுங்கா இல்ல. பாதி தூரத்துல கோடு வலது பக்கம் கோணிட்டுப் போய்த் திரும்புது. பெயிண்ட் அடிச்சவன் குடிச்சிருக்கான், நாசமாப் போறவன்."

பியூலா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே பையைத் தோளில் மாட்டினாள், விளிம்பைத் தாண்டினாள், தண்ணீருக்கு மேலே நடந்தாள். நான் பின்னால் நின்று பார்த்தேன். பாதி தூரம் போனதும் கொஞ்சம் வலது பக்கம் கோணி, பிறகு திரும்பி, நேராகப் போனாள்.